ஐஎல்-2ல குண்டு படவே மாட்டேங்குதா? ஜாய்ஸ்டிக்ல ஆரம்பிச்சு டிஃப்ளெக்ஷன் வரைக்கும் வரிசையா ஒரு முழு வழிகாட்டி

ஐஎல்-2ங்கிறது இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டை கேம். அதோட ஆன்லைன் சர்வர்ல புதுசா வர்றவங்களுக்கு விங்மேனா (கூடப் பறக்கிற துணை விமானியா) பறந்து பார்த்தா பெரும்பாலும் ஒரே கதைதான். எதிரி 600 மீட்டர்ல இருக்கும்போதே ட்ரிகரை அமுக்கிடுறாங்க, ட்ரேசர் (ஒளிவிட்டுப் போற குண்டு) எங்க போகுதுன்னு பார்த்து மூக்கைத் திருப்புறாங்க, அதுக்குள்ள அவன் உஷாராகி திரும்பிடுறான், இவங்க இன்னும் அமுக்கிக்கிட்டே இருக்காங்க, கடைசியா நல்ல இடத்துக்கு வந்து சேரும்போது குண்டு காலி. "எனக்கு எய்ம் வராது"ன்னு முடிவு பண்ணிடுறாங்க. எய்ம் இல்ல பிரச்சனை. அதுக்கு முன்னாடி சரியா இருக்க வேண்டிய நாலஞ்சு விஷயம் வரிசை தப்பி இருக்கு. ட்ரிகர் அமுக்குறதுதான் இதுல கடைசி வேலை.

கீழ சொல்றது எல்லாம் ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸை மனசுல வச்சு எழுதினது. டிசிஎஸ்ங்கிற இன்னொரு கேம்ல இரண்டாம் உலகப்போர் விமானம் ஓட்டுறவங்களுக்கும், வார் தண்டர் சிமுலேட்டர் பேட்டில்ஸ் ஆடுறவங்களுக்கும் அப்படியே பொருந்தும். வார் தண்டர் ஆர்கேட்ல எங்க சுடணும்னு ஒரு வட்டம் காட்டும், அதைப் பார்த்தே பழகினவங்க 9வது படியை ரெண்டு தடவை படிங்க, ஏன்னா இங்க அந்த வட்டம் கிடையாது.

1. முதல்ல ஜாய்ஸ்டிக்

விலை உயர்ந்த ஜாய்ஸ்டிக் வேணும்னு அவசியம் இல்ல. நடு இடத்துல ஆடாம நிக்கணும், அவ்வளவுதான். விண்டோஸ்லயோ கேம்லயோ ஆக்ஸிஸ் காட்டுற இடத்தைத் திறந்து கையை எடுத்துட்டுப் பாருங்க. புள்ளி தானா துள்ளிக்கிட்டு இருந்தா உள்ள இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர் தேஞ்சிருக்கு, அந்தத் துள்ளல் 200 மீட்டர்ல எதிரியோட இறக்கை அளவுக்கு ரெட்டிகிளை (குறி பார்க்கிற வளையமும் நடுப்புள்ளியும்) ஆட்டும். கொஞ்சமா டெட்ஸோன் (ஸ்டிக் அசைஞ்சாலும் கேம் கண்டுக்காத நடுப்பகுதி) வச்சு சமாளிக்கலாம். ஆனா அதிகமா வச்சா சின்ன திருத்தமே பண்ண முடியாது, அதனால துள்ளல் நிக்கிற அளவுக்கு மட்டும் வைங்க, அதுக்கு மேல ஒரு துளியும் வேண்டாம்.

பிட்ச் (மூக்கு மேல கீழ), ரோல் (இறக்கை சாயுறது), ரட்டர் (மூக்கு இடம் வலம்) மூணுக்கும் நடுப்பகுதி மெதுவா இருக்கிற மாதிரி கர்வ் போடுங்க. குறி பார்க்கும்போது கை அசையுறது எல்லாம் அந்த நடுப்பகுதியிலதான். ஒரு தடவை போட்டா பல வாரம் அதை மாத்தாதீங்க. தினமும் கர்வ் மாத்துற ஆளுக்கு கை பழகவே பழகாது.

ரட்டருக்கு பெடல் இல்லன்னா ஸ்டிக்கைத் திருகுற ட்விஸ்ட் போதும். ஆனா ட்விஸ்ட்ல ஒரு சிக்கல் இருக்கு: திருகும்போதே ஸ்டிக் பக்கவாட்டுல கொஞ்சம் சாயும், ரோல் தானா வந்துடும். எதிரி யாருமில்லாத வானத்துல, தூரத்துல ஒரு மேகத்தைக் குறி வச்சு, ரட்டரை மட்டும் திருகி மூக்கை இடம் வலம் கொண்டுபோய்ப் பழகுங்க.

ட்ரிகரை இழுக்கும்போது ஸ்டிக் அசையுதான்னும் பாருங்க. நிறைய பேருக்கு அசையும், மூக்கு ஒரு துளி கீழ இறங்கும். ஸ்டிக்கை உடும்புப்பிடியா பிடிக்கிறதுதான் காரணம். விரல் நுனியில பிடிங்க.

2. பார்வையும் ஜூமும்

ஜெர்மன் ஃபைட்டர் பிஎஃப் 109ல ரெவிங்கிற கன்சைட் (குறி பார்க்கிற கண்ணாடி) நடுவுல இருக்காது, வலது பக்கம் தள்ளி இருக்கும். தலையை அதுக்கு நேரா கொண்டு போகலன்னா ரெட்டிகிள் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும். கன்சைட் வியூவுக்கு ஒரு பட்டனை ஸ்டிக்லயே வச்சுக்கோங்க, கீபோர்டுல தேடுற நேரத்துக்குள்ள வாய்ப்பு போயிடும்.

ஹெட் ட்ராக்கிங் (தலை திரும்புற பக்கம் கேம்லயும் பார்வை திரும்புறது) இருந்தா நல்லது. ட்ராக்ஐஆர் வாங்க முடியலன்னா வெப்கேமோட ஓபன்ட்ராக் போட்டாலே வேலை நடக்கும், அது இலவசம். ஆனா நடுவுல பார்க்கும்போது படம் ஆடாத அளவுக்கு அதோட கர்வையும் தட்டையா வைங்க. தலை ஆடுறது விமானம் ஆடுற மாதிரி கண்ணுக்குத் தெரியும், கை அதைத் திருத்தப் போகும், நல்லா இருந்த குறி கெட்டுப்போகும்.

ஜூமை சுடுற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி போடுங்க. கடைசி நொடியில போட்டா எல்லாம் திடீர்னு பெருசாகி கை தடுமாறும். முழு ஜூம் வேண்டாம், அவன் திரும்பினா எந்தப் பக்கம் போனான்னே தெரியாது.

3. ஒரே விமானம், அதுவும் மூக்குல துப்பாக்கி இருக்கிறது

ஆரம்பத்துக்கு பிஎஃப் 109 எஃப்-4 இல்லன்னா யாக்-1 எடுங்க. ரெண்டுலயும் 20 மில்லிமீட்டர் பீரங்கி ப்ரொப்பெல்லர் நடுவுல வழியா சுடும், மெஷின் கன் இன்ஜின் மேல இருக்கு. மூக்கு எங்க பார்க்குதோ குண்டு அங்க போகும். இறக்கையில துப்பாக்கி இருக்கிற ஸ்பிட்ஃபயர், பி-47, பி-51 எல்லாம் தூரம் சரியா இருந்தாதான் வேலை செய்யும், தூரத்தைக் கணிக்கத் தெரியாத ஆள் அதுல ஆரம்பிச்சா எந்தத் தப்பால குண்டு படலன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

எத்தனை நொடி சுடலாம்ங்கிறதையும் தெரிஞ்சுக்கோங்க. 109 எஃப்-4ல பீரங்கிக்கு 200 குண்டு, தொடர்ந்து அமுக்கினா சுமார் 17 நொடி. யாக்-1ல 120, பத்து நொடி கூட வராது. ஸ்பிட்ஃபயர் 9ல பீரங்கிக்கு 120, சுமார் 12 நொடி. 109ல 30 மில்லிமீட்டர் எம்கே 108 போட்டா 65 குண்டுதான், ஆறு நொடியில முடிஞ்சுடும். இந்த எண்ணை மனசுல வச்சுக்கிட்டா கை தானா சிக்கனமாகும்.

4. கன்வெர்ஜென்ஸ்

இறக்கைத் துப்பாக்கிகளோட குண்டு எந்தத் தூரத்துல ஒண்ணு சேரணும்னு சொல்றதுதான் இது. 250 மீட்டர்னு வச்சா அங்க ரெண்டு பக்கக் குண்டும் ஒரே இடத்துல குவியும். அதைத் தாண்டி விலக ஆரம்பிச்சு, 500 மீட்டர்ல மறுபடி இறக்கையில எவ்வளவு தள்ளி இருந்துச்சோ அவ்வளவு தள்ளிப் போயிடும். எதிரியோட உடம்பு ஒரு மீட்டர் அகலம்தான், ரெண்டு பக்கமும் ட்ரேசர் தடவிக்கிட்டுப் போறதை நீங்க பார்த்துக்கிட்டே இருப்பீங்க.

இறக்கைத் துப்பாக்கிக்கு 200ல இருந்து 250 மீட்டர் வைங்க. 1940ல பிரிட்டன் வான்போர் நடக்கும்போதே ராயல் ஏர்ஃபோர்ஸ் ஆளுங்க 400 கஜத்துல இருந்து 250 கஜத்துக்குக் குறைச்சுக்கிட்டாங்க, அது சுமார் 230 மீட்டர். மூக்குத் துப்பாக்கின்னா 300 வைக்கலாம், அங்க இது ஏத்த இறக்கத்தை மட்டும்தான் பாதிக்கும். வார் தண்டர்ல வெர்டிகல் டார்கெட்டிங்னு ஒரு ஆப்ஷன் தனியா இருக்கு, அதையும் ஆன் பண்ணிப் பாருங்க, குண்டு கீழ விழுறதுக்கு ஏத்த மாதிரி துப்பாக்கியைத் தூக்கி வைக்கும்.

5. தூரத்தை வளையத்தால அளக்கிறது

இதுதான் மொத்த விஷயத்துலயும் முக்கியமான படி, நிறைய பேர் தாண்டிப் போறதும் இதைத்தான்.

ரெவி வளையத்தோட விட்டம் 100 மில். அதாவது 100 மீட்டர்ல 10 மீட்டர் அகலத்தை அது சரியா மூடும். 109ஓட இறக்கை முனைக்கு முனை 9.92 மீட்டர், யாக்-1ஓடது 10 மீட்டர். அதனால கணக்கு சுலபம். எதிரியோட இறக்கை வளையத்தை முழுசா நிரப்பினா 100 மீட்டர், பாதி நிரப்பினா 200, மூணுல ஒரு பங்குன்னா 300. அதுக்கும் சின்னதா தெரிஞ்சா ட்ரிகர் பக்கமே விரல் போகக் கூடாது. பாதி வளையம், அதுதான் உங்க சுடுற தூரம்.

இன்னொரு நல்ல விஷயம், ஜூம் பண்ணாலும் இந்தக் கணக்கு மாறாது. விமானம் பெருசாகும்போது வளையமும் சேர்ந்து பெருசாகும். கண்ணால "பெருசா தெரியுது, கிட்ட இருக்கான்"னு நினைக்கிறதுதான் ஏமாத்தும், வளையம் ஏமாத்தாது.

பெரிய விமானங்கள்ல தான் நிறைய பேர் ஏமாறுறது. மூணு இன்ஜின் சரக்கு விமானம் யு 52ஓட இறக்கை 29 மீட்டருக்கு மேல, அது வளையத்தை முழுசா நிரப்பும்போது நீங்க இன்னும் கிட்டத்தட்ட 300 மீட்டர்ல இருக்கீங்க. ஹெச்இ 111 பாம்பரோடது 22 மீட்டருக்கு மேல, அதுக்கும் இதே ஏமாத்து. ஸ்பிட்ஃபயர்ல இருக்கிற ஜிஎம்2 சைட்ல கணக்கே வேண்டாம், எதிரியோட இறக்கை அகலத்தையும் தூரத்தையும் முன்னாடியே செட் பண்ணிடலாம், ரெண்டு கோட்டுக்கு நடுவுல இறக்கை சரியா பொருந்தினா அந்தத் தூரம் வந்தாச்சு.

6. பந்து நடுவுல இருக்கணும்

கீழ ஸ்லிப் இண்டிகேட்டர்ல ஒரு பந்து இருக்கும். அது நடுவுல இல்லன்னா விமானம் மூக்கு பார்க்கிற திசையில போகல, பக்கவாட்டுல சறுக்கிக்கிட்டுப் போகுது. குண்டு துப்பாக்கியை விட்டு வெளிய வரும்போது விமானத்தோட வேகத்தையும் சேர்த்து எடுத்துக்கிட்டுத்தான் வரும், அதனால சறுக்குற பக்கமே அதுவும் தள்ளிப் போகும். ரெட்டிகிள் நடுவுல எதிரி உட்கார்ந்திருப்பான், ட்ரேசர் பக்கத்துல போகும், "கேம்ல பக்"னு எழுதுவாங்க.

பந்து எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்க ரட்டரை மிதிங்க. பி-51, ஸ்பிட்ஃபயர்ல ரட்டர் ட்ரிம் (காலால மிதிக்காமலே ரட்டரை ஒரு பக்கம் நிறுத்தி வைக்கிற வசதி) இருக்கு, டைவ் அடிக்கிறதுக்கு முன்னாடியே ட்ரிம் பண்ணிடலாம். 109ல காக்பிட்ல இருந்து ரட்டர் ட்ரிம் பண்ண முடியாது, வேகம் ஏற ஏற காலாலதான் சரிபண்ணணும். டைவ்ல வேகம் மாறிக்கிட்டே இருக்கும், பந்தும் நகர்ந்துக்கிட்டே இருக்கும், அதனால சுடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கீழ பார்த்துட்டு நிமிருங்க. கொஞ்ச நாள்ல பார்க்காமலே கால் வேலை செய்யும்.

7. முதல் பயிற்சி: சுடாம பின்னாடி பறக்கிறது

குவிக் மிஷன்ல ஒரு யு 52 போடுங்க, ஆயுதமில்லாத எதிரி மாதிரி நேரா போயிட்டு இருக்கட்டும். அது பின்னாடி போய் 150 மீட்டர்ல நில்லுங்க. சுட வேண்டாம். த்ராட்டிலை வச்சு தூரத்தைப் பிடிங்க, ரெட்டிகிளை அதோட இடது இன்ஜின்ல வச்சு பத்து நொடி நகராம வைங்க, அப்புறம் நடு இன்ஜினுக்கு மாத்துங்க, அப்புறம் வலது.

இது சலிப்பா இருக்கும், எல்லாரும் ரெண்டு நிமிஷத்துல சுட ஆரம்பிச்சுடுவாங்க. ஆனா பத்து நொடி ரெட்டிகிளை நிறுத்தி வைக்க முடியாத கை, திரும்பி ஓடுற ஃபைட்டர் மேல அரை நொடி கூட நிறுத்தாது. இது சரியா வந்ததுக்கு அப்புறம் அன்லிமிடெட் ஆம்மோவை ஆஃப் பண்ணிட்டு சுடுங்க. ஆன் பண்ணி பழகினா கை அமுக்கிக்கிட்டே இருக்கத்தான் கத்துக்கும்.

8. பர்ஸ்ட்: ஒரு நொடி, நிறுத்து, பார்

ஒரு தடவை அமுக்கினா (அதுதான் ஒரு பர்ஸ்ட்) ஒரு நொடி, அதிகபட்சம் ரெண்டு. ஏன்னு கேட்டா, நல்ல குறி அதுக்கு மேல நீடிக்காது. அமுக்கிக்கிட்டே திருத்தினா குண்டெல்லாம் குறி தப்பின நேரத்துலதான் போகும். குறி வந்தா அமுக்கு, கலைஞ்சா விடு.

ட்ரேசரைப் பார்த்துத் திருத்துறது இன்னொரு பழக்கம், இதை ஆரம்பத்துலயே விடணும். நீங்க பார்க்கிற ட்ரேசர் அரை நொடிக்கு முன்னாடி போனது, அப்ப மூக்கு வேற இடத்துல இருந்துச்சு. திரும்பும்போது அது வளைஞ்சு போற மாதிரி வேற தெரியும், உண்மையில வளையுறது உங்க விமானம். எம்கே 108 வச்சிருந்தா இன்னும் மோசம், அதோட குண்டு நொடிக்கு சுமார் 500 மீட்டர் வேகத்துல மெதுவா போகும், 300 மீட்டருக்குள்ளயே ரெண்டு மீட்டர் கிட்ட கீழ விழும், மெஷின் கன் ட்ரேசர் எதிரி மேல பட்டாலும் பீரங்கி குண்டு அவன் வயித்துக்குக் கீழ போயிட்டு இருக்கும். மெஷின் கன்னுக்கும் பீரங்கிக்கும் தனித்தனி பட்டன் வைங்க.

9. டிஃப்ளெக்ஷன்: எவ்வளவு முன்னாடி சுடணும்

எதிரி குறுக்கே போறான்னா குண்டு போய்ச் சேர்ற நேரத்துல அவன் நகர்ந்திருப்பான், அதனால அவன் போற வழியில முன்னாடி சுடணும். இதை லீட்னு சொல்வாங்க. "எத்தனை விமான நீளம் முன்னாடி"ன்னு கேட்டா பதில் தூரத்துக்குத் தூரம் மாறும். வளையத்தால அளந்தா கிட்டத்தட்ட மாறாது, ஏன்னா தூரம் கூடினா குண்டு போற நேரமும் கூடும், ஆனா அதே அளவுக்கு எல்லாமே சின்னதாவும் தெரியும். இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

ஒரு எதிரி 400 கிலோமீட்டர் வேகத்துல, அதாவது நொடிக்கு 111 மீட்டர், உங்களுக்கு நேர் குறுக்கே போறான். உங்க குண்டு உங்க விமான வேகமும் சேர்ந்து சராசரியா நொடிக்கு 900 மீட்டர்ல போகுதுன்னு வைங்க. லீட் 120 மில்லுக்குக் கொஞ்சம் மேல. ரெவி வளையத்தோட ஆரம் 50 மில், அப்ப நடுப்புள்ளியில இருந்து ரெண்டரை ஆரம் தள்ளி அவன் இருக்கணும், அதாவது வளையத்துக்கு வெளிய. புதுசா வர்ற எல்லாரும் மூக்குக்குக் கொஞ்சம் முன்னாடி வச்சு சுடுறாங்க, அதனாலதான் குண்டு எப்பவும் வாலுக்குப் பின்னாடியே போகுது.

கோணம் குறைஞ்சா லீட்டும் குறையும். அவன் உங்க பார்வைக் கோட்டுல இருந்து 30 டிகிரி சாஞ்சு போனா பாதி, அதாவது ஒண்ணேகால் ஆரம், வளைய விளிம்புக்கு ஒட்டி வெளிய. 15 டிகிரின்னா கால் பங்கு, வளையத்துக்கு உள்ள பாதி வழியைக் கொஞ்சம் தாண்டி. நேர் குறுக்கே சுடுறதை இப்போதைக்கு விட்டுடுங்க. 30 டிகிரிக்கு உள்ள மட்டும் சுடுறதுன்னு ஒரு கட்டுப்பாடு வச்சுக்கோங்க, தப்பு நடந்தாலும் சின்னதா நடக்கும்.

கோணத்தை எப்படிக் கணிக்கிறது? அவனோட உடம்பு எவ்வளவு சுருங்கித் தெரியுதுன்னு பாருங்க. 30 டிகிரியில முழு நீளத்துல பாதிதான் தெரியும், இறக்கையும் வாலும் நெருக்கமா இருக்கும்.

அவன் போற திசை முக்கியம். அவன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்குதோ அந்தக் கோட்டை நீட்டினா உங்க நடுப்புள்ளி அதுமேல இருக்கணும். அவன் திரும்பிக்கிட்டு இருந்தா இதுக்கு உங்க இறக்கையை அவன் இறக்கைக்கு இணையா சாய்ச்சுக்கோங்க. அப்ப லீட் மேல கீழ திசையில மட்டும் வரும், எலிவேட்டரால மட்டும் (ஸ்டிக்கை முன்ன பின்ன அசைச்சு) திருத்தினா போதும். இறக்கை இணையா இல்லாம ரட்டராலயும் எய்லரானாலயும் (இறக்கையைச் சாய்க்கிறது) இழுத்துக்கிட்டு சுடுறது, பந்தைக் கெடுத்து 6வது படியை வீணாக்குறது.

10. திருப்பத்துல சுடும்போது

இறுக்கமா திருப்பும்போது லீட் எடுத்தா எதிரி உங்க மூக்குக்குக் கீழ மறைஞ்சுடுவான். சரியா எடுத்த லீட்ல அது நடக்கத்தான் செய்யும். வழி என்னன்னா, கொஞ்சம் அதிகமா லீட் எடுத்து அவனை மறைய விட்டு, பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, அவன் மூக்குக்குக் கீழ இருந்து மேல வரும்போது அந்தக் கணத்துல ஒரு நொடி சுடுறது. குண்டு வழியில அவனே வந்து நுழைவான்.

தளர்த்துறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஜி இழுக்கும்போது (ஸ்டிக்கை பலமா இழுத்து இறுக்கமா திரும்பும்போது) மூக்கு விமானம் போற பாதைக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கும், குண்டு அந்தப் பாதையோட வேகத்தையும் எடுத்துக்குறதால ரெட்டிகிளுக்குக் கீழ போகும். ஸ்டால் ஆகுற (இறக்கை தூக்குற சக்தியை இழக்கிற) அளவுக்கு இழுத்து விமானம் நடுங்கும்போது சுட்டா எதுவும் படாது. நடுக்கம் வந்தா சுடாதீங்க.

பி-51டியில கே-14 கைரோ சைட் கிடைச்சா அது லீட்டைத் தானே கணக்குப் போடும், ஆனா இறக்கை அகலத்தை செட் பண்ணணும், வைர வளையத்துக்குள்ள எதிரியை ஒரு நொடியாவது சீரா வச்சிருக்கணும். ஸ்டிக்கை வெட்டி இழுத்தா புள்ளி எங்கயோ ஓடும். 9வது படி கைவந்ததுக்கு அப்புறம் இதுக்குப் போங்க.

11. நெருங்குற வேகம்

மேல இருந்து டைவ் அடிச்சு வந்தா எதிரியை விட 250 கிலோமீட்டர் அதிக வேகம் சாதாரணமா வரும், நொடிக்கு 70 மீட்டர். 300 மீட்டர்ல இருந்து 100 மீட்டருக்கு மூணு நொடி கூட ஆகாது. அதுக்குள்ள குறி, சுடுறது, விலகுறது எல்லாம் நடக்கணும். அதனாலதான் பயந்துபோய் 600லயே சுட ஆரம்பிக்கிறாங்க.

கொஞ்சம் முன்னாடியே த்ராட்டிலைக் குறைச்சு, அவனுக்குக் கீழ இறங்கி, கீழ இருந்து மேல ஏறிக்கிட்டே வாங்க. ஏறும்போது வேகம் தானா குறையும், அவனுக்கும் கீழ பின்னாடி பார்க்கிறது கஷ்டம். வேகம் 100 கிலோமீட்டர்தான் அதிகம்னா நொடிக்கு 28 மீட்டர், 400ல இருந்து 150க்கு வர ஒன்பது நொடி கிடைக்கும். பந்தைப் பார்க்கலாம், ஜூம் போடலாம், பாதி வளையம் நிரம்புற வரைக்கும் காத்திருக்கலாம். விலகுற பக்கத்தை சுடுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க, இல்லன்னா உடைஞ்சு பறக்கிற துண்டுல மோதி ப்ரொப்பெல்லர் போகும்.

பாம்பர்னா நேர் பின்னாடி போய் ஒட்டிக்கிட்டு நிக்காதீங்க, பின்னாடி கன்னருக்கு நீங்க அசையாத குறி. பக்கவாட்டு மேல இருந்து வந்து ஒரு இன்ஜினைக் குறி வச்சு ஒரே பர்ஸ்ட், நிக்காம கீழ போயிடுங்க.

12. ஆன்லைன்ல வரும்போது

இங்க இருந்து ஐரோப்பிய சர்வருக்குப் போனா பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகுற நேரம், மில்லிசெகண்ட்ல) 150க்கு மேல இருக்கிறது சகஜம். பிங் அதிகமா இருந்தாலும் நிலையா இருந்தா பரவாயில்ல, ஏறி இறங்கினாதான் எதிரி தாவித் தாவித் தெரிவான். வைஃபையை விட்டு கேபிள் போடுங்க, பின்னாடி ஓடுற டவுன்லோடு எல்லாத்தையும் நிறுத்துங்க. தாவுற எதிரியை விட்டுட்டு வேற ஆளைப் பாருங்க, அவன்கிட்ட கத்துக்க எதுவும் இல்ல.

முதல்ல டாக்ஃபைட் மட்டும் நடக்கிற சர்வர்ல ஆடுங்க, செத்தா உடனே திரும்ப வரலாம், ஒரு மணி நேரத்துல நிறைய சுடுற வாய்ப்பு கிடைக்கும். மிஷன் சர்வர்ல அரை மணி நேரம் பறந்து ஒரே ஒரு பர்ஸ்ட் சுட்டு செத்துப்போறது குறி பழக உதவாது.

13. ரெக்கார்டிங்கைப் பார்க்கும்போது

ஒவ்வொரு நாளும் ஒரு ஃப்ளைட்டையாவது ரெக்கார்ட் பண்ணிட்டு மெதுவா ஓட்டிப் பாருங்க. சுட ஆரம்பிச்ச கணத்துல நிறுத்தி, இறக்கை வளையத்துல எவ்வளவு நிரப்பியிருந்துச்சு, பந்து எங்க இருந்துச்சு, இந்த ரெண்டை மட்டும் முதல்ல பாருங்க. அப்புறம் வெளி கேமராவுல எதிரி பக்கம் போய் ட்ரேசர் அவனுக்கு முன்னாடி போச்சா பின்னாடி போச்சா மேலயா கீழயான்னு பாருங்க. பின்னாடி போச்சுன்னா லீட் பத்தல, 9வது படி. பக்கத்துல இணையா போச்சுன்னா பந்து. ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போச்சுன்னா தூரமும் கன்வெர்ஜென்ஸும் ஒத்துப்போகல. கீழ போச்சுன்னா ஒண்ணு அதிகமா ஜி இழுத்திருக்கீங்க, இல்லன்னா ரொம்ப தூரத்துல சுட்டிருக்கீங்க. எது அதிகமா வருதோ அதை மட்டும் எடுத்துக்கிட்டு அடுத்த நாள் யு 52 பின்னாடி போய் பதினஞ்சு நிமிஷம் பறந்துட்டு அப்புறம் சர்வருக்கு வாங்க.